மேல ஜூம் பண்ணா கீழயும் ஜூம் ஆகணும்: மேட்பிளாட்லிப்ல ஆக்ஸிஸை லிங்க் பண்றது எப்படி

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒரு சின்ன லாகர் செஞ்சு வச்சிருக்கேன். 5 செகண்டுக்கு ஒருதடவை வோல்டேஜ், கரன்ட், பேட்டரி மேல ஒட்டின சென்சார் காட்டுற டெம்பரேச்சர் மூணையும் மூணு ஃபைல்ல எழுதிட்டே இருக்கும், முழு நாள் ஓடினா ஒரு ஃபைலுக்கு 17,280 வரிசை. இதை மேட்பிளாட்லிப்ல, அதாவது பைத்தான்ல பிளாட் வரையுற லைப்ரரியில, மூணு பிளாட்டா ஒண்ணு கீழ ஒண்ணு போட்டு பாக்குறதுதான் வேலை. ஒருநாள் சாயங்காலம் 7:10க்கு பவர் கட் ஆச்சு, ஃப்ரிட்ஜ், ரெண்டு ஃபேன், லைட் எல்லாம் பேட்டரிக்கு மாறுச்சு. மறுநாள் பிளாட் போட்டு பாத்தா, பேட்டரியில இருந்து 25 ஆம்ப் இழுக்க ஆரம்பிச்சு அரை மணி நேரம் கழிச்சுதான் வோல்டேஜ் 12.5ல இருந்து 11.9க்கு இறங்குற மாதிரி தெரிஞ்சுது. லோடு ஏறின அந்த நொடியே வோல்டேஜ் இறங்கணும், அரை மணி நேரம் எப்படி தாங்கும்னு ஒரு ராத்திரி முழுக்க சர்க்யூட்டை கழட்டி மாட்டி பாத்தேன்.

சர்க்யூட்ல ஒண்ணும் இல்ல. கரன்ட் சென்சாரோட ஒயர் லூஸா இருந்ததால அந்த ஃபைல் மட்டும் 6:38க்குதான் ஆரம்பிச்சிருக்கு, மத்த ரெண்டும் 6:00 மணிக்கே ஆரம்பிச்சிடுச்சு. மூணையும் தனித்தனியா பிளாட் பண்ணதால ஒவ்வொண்ணும் அதோட முதல் டேட்டாவை இடது ஓரத்துல வச்சு விரிச்சுக்கிச்சு, அதனால கரன்ட் பிளாட்ல 7:10 எங்க இருக்கோ வோல்டேஜ் பிளாட்ல அதுக்கு நேர் கீழ 6:38 இருந்துச்சு. இதுல நான் பண்ண பெரிய தப்பு, பாக்க நீட்டா இருக்கட்டும்னு மேல உள்ள பிளாட்ல நேரத்தோட நம்பரை மறைச்சு வச்சதுதான். நம்பர் தெரிஞ்சிருந்தா கண்ணுல பட்டிருக்கும்.

அதனால முதல்லயே சொல்லிடறேன், ஆக்ஸிஸை லிங்க் பண்றது, அதாவது எல்லா பிளாட்டுக்கும் ஒரே எல்லை வச்சு சேர்ந்தே நகர வைக்கிறது, அழகுக்காக பண்ற வேலைன்னு நினைக்காதீங்க. ஒண்ணு கீழ ஒண்ணு வச்ச பிளாட்டை பாக்குற கண்ணு நேர் கோடு போட்டுதான் படிக்கும், அந்த நேர் கோடு பொய்யா இருந்தா நீங்க எடுக்குற முடிவும் பொய்தான்.

மேட்பிளாட்லிப் பொறந்ததே இந்த மாதிரி ஒரு தேவைக்குதான். ஜான் ஹண்டர் 2003ல இதை வெளியிட்டப்போ அவர் நியூரோ பயாலஜி ஆராய்ச்சியில இருந்தார், வலிப்பு நோயாளிகளோட மூளையில இருந்து வர்ற சிக்னலை பாக்குறதுக்குதான் முதல்ல எழுத ஆரம்பிச்சார். மூளை சிக்னல்னா நிறைய சேனல், எல்லாத்துக்கும் ஒரே நேர ஆக்ஸிஸ். எந்த சேனல்ல முதல்ல அலை கிளம்புச்சுன்னு பாக்கணும்னா எல்லாம் ஒரே நேரக் கோட்டுல நின்னாதான் ஆகும்.

சரி வேலைக்கு வருவோம். புரோகிராம் கோடையும் இங்க தமிழ் எழுத்துலயே எழுதுறேன், எடிட்டர்ல இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல அடிச்சுக்கோங்க, நான் அண்டர்ஸ்கோர் போட்ட இடத்துல போட்டு, பெருசா சொல்லாத வரைக்கும் எல்லாம் சின்ன எழுத்து. ட்ரூ, ஃபால்ஸ், நன் மூணுக்கும் முதல் எழுத்து பெருசு. வேரியபிள் பேரை மட்டும் தமிழ்லயே வச்சாலும் பைத்தான் 3ல ஓடும், அதனால வோல்ட், கரன்ட், டெம்ப்னு நான் வச்ச பேரை நீங்க அப்படியே எடுத்துக்கலாம்.

பிளாட் உருவாக்கும்போதே லிங்க் பண்ணிடறதுதான் இருக்குறதுலயே நல்ல வழி (பிஎல்டின்னா மேட்பிளாட்லிப்.பைபிளாட்டுக்கு வழக்கமா வைக்கிற சுருக்கப் பேர்):

ஃபிக், (வோல்ட், கரன்ட், டெம்ப்) = பிஎல்டி.சப்பிளாட்ஸ்(3, 1, ஷேர்எக்ஸ்=ட்ரூ)

அவ்வளவுதான். இதுக்கப்புறம் வோல்ட்.பிளாட், கரன்ட்.பிளாட், டெம்ப்.பிளாட்னு வழக்கம்போல டேட்டாவை குடுங்க. மூணுல எதுல நேரம் சீக்கிரம் ஆரம்பிக்குதோ, எதுல கடைசியா முடியுதோ, அது ரெண்டையும் எடுத்து மூணுக்கும் ஒரே எல்லையா வச்சுக்கும். என் கேஸ்ல கரன்ட் பிளாட்டோட இடது பக்கம் 38 நிமிஷம் காலியா வந்துச்சு. அந்தக் காலி இடம் பாக்க அசிங்கமா இருக்குன்னு வெட்டிடாதீங்க, அங்க டேட்டா இல்லைங்கறதும் ஒரு தகவல்தான், அதை முதல் நாளே பாத்திருந்தா நான் ஸ்க்ரூட்ரைவரை கையில எடுத்திருக்கவே மாட்டேன்.

இந்த வழியில இன்னொரு வசதி, நேரத்தோட நம்பர் கடைசி பிளாட்டுக்கு கீழ மட்டும்தான் வரும், மேல ரெண்டுக்கும் அதுவே மறைச்சிடும். இங்க மறைக்கலாம், ஏன்னா மூணும் நெஜமாவே ஒண்ணுதான். லிங்க் பண்ணாம நம்பரை மட்டும் மறைக்கிறதுதான் ஆபத்து. இல்ல எனக்கு மேலயும் நம்பர் வேணும்னா வோல்ட்.டிக்_பராம்ஸ்(லேபிள்பாட்டம்=ட்ரூ) போட்டா வந்துடும். வோல்டேஜ் பிளாட் பெருசா, மத்தது சின்னதா வேணும்னா சப்பிளாட்ஸ்குள்ளயே கிரிட்ஸ்பெக்_கேடபிள்யூ கொடுத்து அதுல ஹைட்_ரேஷியோஸ்னு [3, 1, 1] போடுங்க. ஒய் ஆக்ஸிஸ் லேபிள் மூணும் ஒண்ணு உள்ள ஒண்ணு வெளியன்னு கோணலா நின்னா ஃபிக்.அலைன்_ஒய்லேபிள்ஸ்() ஒரே வரியில நேராக்கிடும்.

இப்ப ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கணும், இது புரிஞ்சா கீழ சொல்லப்போற பாதி பிரச்சினை உங்களுக்கு வரவே வராது. ஷேர் பண்றதுன்னா எல்லையை காப்பி அடிக்கிறது இல்ல. எல்லை, ஸ்கேல், டிக் (ஆக்ஸிஸ்ல நம்பர் நிக்கிற இடத்துல வர்ற சின்னக் கோடு) எங்க விழணும்னு முடிவு பண்ற லொக்கேட்டர், டிக்ல என்ன எழுதணும்னு முடிவு பண்ற ஃபார்மேட்டர், இது எல்லாமே பொதுச் சொத்தாயிடும். கூட்டுக் குடும்பத்துல ஒரே சமையல்கட்டு மாதிரி, யார் போய் உப்பை கூட்டினாலும் எல்லார் தட்டுலயும் கூடும்.

நல்ல பக்கம் என்னன்னா, டெம்ப்.எக்ஸ்ஆக்ஸிஸ்.செட்_மேஜர்_லொக்கேட்டர்னு ஒரே இடத்துல 30 நிமிஷத்துக்கு ஒரு டிக் வச்சா மூணுலயும் வந்துடும், லாக் ஸ்கேல் வச்சாலும் அப்படித்தான், செட்_எக்ஸ்லிம் எந்த பிளாட்ல கூப்பிட்டாலும் எல்லாம் நகரும். கெட்ட பக்கம், மேல உள்ள பிளாட்ல மட்டும் நம்பரை எடுக்கலாம்னு வோல்ட்.செட்_எக்ஸ்டிக்லேபிள்ஸ்([]) போடுவீங்க, கீழ கடைசி பிளாட்லயும் சேர்த்து காணாமப் போயிடும், ஏன்னா அந்த வரி பொதுவா இருக்குற ஃபார்மேட்டரையே மாத்துது. மறைக்கணும்னா வோல்ட்.டிக்_பராம்ஸ்(லேபிள்பாட்டம்=ஃபால்ஸ்) போடுங்க, இது அந்த ஒரு பிளாட்டோட தோற்றத்தை மட்டும் தொடும். லேபிளை சாய்க்கிறது, எழுத்து சைஸ், கலர் எல்லாம் இந்த தோற்றக் கணக்குலதான் வரும், ஒவ்வொரு பிளாட்டுக்கும் தனி.

இதே காரணத்தால வர்ற இன்னொரு தொல்லை ஆக்ஸிஸை தலைகீழா திருப்புறது. போர்வெல் ஆழம், கடல் ஆழம் மாதிரி டேட்டாவுக்கு ஒய் ஆக்ஸிஸ்ல பூஜ்யம் மேல இருக்கணும், அதுக்கு இன்வர்ட்_ஒய்ஆக்ஸிஸ்() இருக்கு. ரெண்டு பிளாட் பக்கத்துல பக்கத்துல, ஷேர்ஒய்=ட்ரூ, அப்புறம் ஃபார் லூப் போட்டு ரெண்டுக்கும் இன்வர்ட் கூப்பிட்டா என்ன ஆகும்? முதல் தடவை ரெண்டும் திரும்பும், ரெண்டாவது தடவை ரெண்டும் பழையபடி நிமிர்ந்துடும், கோடுல எர்ரரும் வராது, பிளாட்டும் மாறாது. மூணு பிளாட் இருந்தா சரியா வரும், நாலு இருந்தா வராது. ஒரே ஒரு பிளாட்ல மட்டும் கூப்பிடுங்க, இல்லன்னா செட்_ஒய்லிம்(100, 0)னு பெரிய நம்பரை முதல்ல குடுத்து திருப்புங்க, அதை எத்தனை தடவை ஓட்டினாலும் அதேதான் நிக்கும்.

ட்ரூ தவிர 'ஆல்', 'ரோ', 'கால்', 'நன்'னு வார்த்தையாவும் குடுக்கலாம், இதை மேற்கோள் குறிக்குள்ள சின்ன எழுத்துல போடணும். ட்ரூன்னா 'ஆல்'தான். 'கால்'னா ஒரே பத்தியில மேல கீழ இருக்குறது மட்டும் லிங்க், 'ரோ'ன்னா ஒரே வரிசையில இருக்குறது மட்டும். இது எங்க உதவும்னா, நான் இப்ப போடுற பிளாட் 3 வரிசை 2 பத்தி. இடது பத்தியில சாயங்காலம் முழுக்க 4 மணி நேரம், வலது பத்தியில பவர் கட் ஆன அந்த 10 நிமிஷம் மட்டும்:

ஃபிக், ஏ = பிஎல்டி.சப்பிளாட்ஸ்(3, 2, ஷேர்எக்ஸ்='கால்', ஷேர்ஒய்='ரோ')

எக்ஸ் பத்திவாரியா சேருது, அதனால வலது பத்தியில ஒண்ணை 7:05ல இருந்து 7:15க்கு சுருக்கினா மூணும் சுருங்கும், இடது பத்தி அப்படியே இருக்கும். ஒய் வரிசைவாரியா சேருது, அதனால இடது பக்க வோல்டேஜும் வலது பக்க வோல்டேஜும் ஒரே அளவுகோல். இதுல ட்ரூன்னு போட்டுட்டா வலது பக்கம் சுருக்கின உடனே இடது பக்கமும் 10 நிமிஷத்துக்கு சுருங்கிடும், அப்புறம் ரெண்டு பத்தி எதுக்கு.

ஒய் ஆக்ஸிஸை எப்ப லிங்க் பண்ணலாம் எப்ப கூடாதுன்னு ஒரு கேள்வி எல்லாருக்கும் வரும். யூனிட் ஒண்ணா இருக்கணும், ரெண்டையும் ஒப்பிட்டு பாக்குற எண்ணமும் இருக்கணும், ரெண்டும் இருந்தாதான். வோல்டேஜ் 12 பக்கத்துல, டெம்பரேச்சர் 35 பக்கத்துல, இது ரெண்டுக்கும் ஒய் சேர்த்தா வோல்டேஜ் இறங்குற அந்த 0.6 கண்ணுக்கே தெரியாது, நேர் கோடா படுத்திருக்கும். ஆனா ரெண்டு பேட்டரியோட வோல்டேஜை பக்கத்துல பக்கத்துல வைக்கிறீங்கன்னா ஒய்யை கண்டிப்பா சேருங்க, இல்லன்னா ஒண்ணுல 0.1 இறங்கினதும் இன்னொண்ணுல 0.6 இறங்கினதும் ஒரே பள்ளமா தெரியும். ஒரே பிளாட்டுக்குள்ள ரெண்டு யூனிட் வேணும்னா அது வேற, அதுக்கு வோல்ட்.ட்வின்எக்ஸ்() இருக்கு, எக்ஸை பகிர்ந்துக்கிட்டு வலது பக்கம் தனி ஒய் ஆக்ஸிஸ் குடுக்கும்.

பிளாட் ஏற்கனவே போட்டாச்சு, இப்பதான் லிங்க் பண்ணணும்னு தோணுதுன்னா என்ன பண்றது? மேட்பிளாட்லிப் 3.3ல இருந்து நேரடி வழி வந்துடுச்சு: கரன்ட்.ஷேர்எக்ஸ்(வோல்ட்). பழைய கோடுல கெட்_ஷேர்ட்_எக்ஸ்_ஆக்ஸஸ்().ஜாயின்னு ஒரு வழி பாத்திருப்பீங்க, இணையத்துல இன்னும் நிறைய பதில்ல அதுதான் இருக்கு, 3.8ல அதை எடுத்துட்டாங்க, காப்பி பண்ணி ஒட்டினா எர்ரர் வரும், அதை விட்டுடுங்க. புது வழியில ஒரு விஷயம் கவனிக்கணும், கரன்ட்.ஷேர்எக்ஸ்(வோல்ட்)னு சொன்னதும் கரன்ட் பிளாட் வோல்ட்டோட எல்லையை எடுத்துக்கும், தன்னோட டேட்டா அதைத் தாண்டி இருந்தாலும் கவலைப்படாம வெட்டிடும். அதனால அடுத்த வரியிலயே வோல்ட்.ஆட்டோஸ்கேல்() கூப்பிடுங்க, அப்பதான் எல்லாரோட டேட்டாவையும் பாத்து எல்லையை புதுசா போடும். நம்பரும் தானா மறையாது, ஃபிக்ல இருக்குற ஒவ்வொரு பிளாட்டுக்கும் லேபிள்_அவுட்டர்() கூப்பிட்டா உள்பக்கம் இருக்குறதை மறைச்சு ஓரத்துல உள்ளதை மட்டும் வைக்கும். ஒருதடவை ஒண்ணோட சேர்த்த பிளாட்டை இன்னொண்ணோட சேர்க்கப் போனா ஏற்கனவே ஷேர் ஆகியிருக்குன்னு எர்ரர் குடுக்கும், பிரிக்கிறதுக்கும் ஒழுங்கான வழி கிடையாது, அதனால யாரை யாரோட சேர்க்கணும்னு முதல்லயே ஒரு பேப்பர்ல படம் போட்டு வச்சுக்கிறது நல்லது.

லிங்க் ஆகியிருக்கா இல்லையான்னு சந்தேகமா இருந்தா வோல்ட்.கெட்_ஷேர்ட்_எக்ஸ்_ஆக்ஸஸ்().ஜாயின்ட்(வோல்ட், கரன்ட்) கேளுங்க, ட்ரூ இல்ல ஃபால்ஸ்னு பதில் சொல்லும். 'ஜாயின்' போயிடுச்சு, கடைசியில ஈடி வர்ற இந்த 'ஜாயின்ட்' இருக்கு, குழப்பிக்காதீங்க. அடுத்தவங்க எழுதின கோடை கையில எடுக்கும்போது நான் இதைத்தான் முதல்ல ஓட்டுவேன்.

இப்ப டேட்டா பக்கம். நேர ஆக்ஸிஸை லிங்க் பண்றப்போ வர்ற சிக்கல்ல முக்கால்வாசி பிளாட்டால வர்றது இல்ல, நேரத்தோட டைப்பால வர்றது. சிஎஸ்வி ஃபைலை பாண்டாஸ்ல (டேபிள் டேட்டாவை கையாளுற பைத்தான் லைப்ரரி, கோடுல சுருக்கமா பிடி) படிச்சா நேரம் வெறும் எழுத்தா வந்து நிக்கும். அதை அப்படியே பிளாட்டுக்கு குடுத்தா மேட்பிளாட்லிப் ஒவ்வொரு நேரத்தையும் ஒரு வகைன்னு எடுத்துக்கிட்டு 0, 1, 2ன்னு வரிசையா வைக்கும், கீழ ஆயிரக்கணக்குல டிக் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கறுப்புப் பட்டையா தெரியும், பிளாட் திறக்கவே நேரமாகும். மோசம் என்னன்னா நடுவுல டேட்டா விட்டுப்போன இடம் இருந்தா அந்த இடைவெளியே தெரியாது, எல்லாம் பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கும். அதனால மூணு ஃபைலையும் படிச்ச உடனே பிடி.டு_டேட்டைம் போட்டு மாத்திட்டு, மூணுலயும் டைப் ஒண்ணாதான் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பிளாட்டுக்கு போங்க. ஒரு ஃபைல்ல இந்திய நேரம், இன்னொண்ணுல உலகப் பொது நேரமான யுடிசின்னு இருந்தா 5:30 மணி நேரம் தள்ளி விழும், லிங்க் சரியாத்தான் இருக்கும், டேட்டாதான் தப்பு. இதை எந்த லைப்ரரியும் உங்களுக்காக கண்டுபிடிச்சு சொல்லாது.

பாண்டாஸோட சொந்த .பிளாட்() யூஸ் பண்றவங்களுக்கு தனியா ஒரு எச்சரிக்கை. டேட்டா சீரான இடைவெளியில இருந்தா பாண்டாஸ் நேரத்தை தன்னோட பீரியட் கணக்குக்கு மாத்தி வரையும், மேட்பிளாட்லிப் நேரடியா வரையுறப்போ வேற கணக்கு. ஒரு பிளாட் பாண்டாஸ்ல, இன்னொண்ணு நேரடியான்னு போட்டு ரெண்டையும் ஷேர் பண்ணா ஒண்ணு எங்கயோ ஓரத்துல போய் நிக்கும், இல்ல காணவே காணாது. எக்ஸ்_காம்பேட்=ட்ரூ போட்டா பாண்டாஸும் மேட்பிளாட்லிப் கணக்குக்கு வந்துடும். நான் ஷேர் பண்ற பிளாட்னா பாண்டாஸ் .பிளாட்டையே தொடறதில்ல, நேரடியா வோல்ட்.பிளாட்(நேரம், மதிப்பு)தான், ரெண்டு வரி கூட எழுதினாலும் என்ன நடக்குதுன்னு தெரியும்.

லிங்க் பண்ணியாச்சு, இப்ப அதோட பலனை அனுபவிக்கணும்னா விண்டோ உயிரோட இருக்கணும். பிரவுசர்ல பைத்தான் ஓட்டுற ஜுபிட்டர் நோட்புக்ல வழக்கமா வர்றது வெறும் படம், அதுல ஜூம் எல்லாம் கிடையாது. ஐபிஐஎம்பிஎல் இன்ஸ்டால் பண்ணிட்டு செல்லோட முதல் வரியில சதவீதக் குறி போட்டு மேட்பிளாட்லிப் விட்ஜெட்னு அடிங்க, இல்ல கோடை சாதாரண ஸ்கிரிப்டா ஓட்டுங்க, தனி விண்டோ வரும். கீபோர்டுல ஓ தட்டினா ஜூம், பி தட்டினா நகர்த்துறது, ஹெச் தட்டினா முதல் நிலைக்கு திரும்பும். நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, ஜூம் பண்றப்போ எக்ஸ் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இழுத்தா எக்ஸ் மட்டும்தான் ஜூம் ஆகும், ஒய் அப்படியே இருக்கும். லிங்க் பண்ண நேர பிளாட்டுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா கட்டம் போட்டு ஜூம் பண்ணா எக்ஸ் எல்லாத்துலயும் மாறும், ஒய் நீங்க கட்டம் போட்ட பிளாட்ல மட்டும் மாறும், மத்ததோட ஒய் பழைய அளவுலயே இருக்கும், பாக்க ஏறுக்கு மாறா தெரியும்.

எல்லாத்துலயும் ஒரே நேரத்துல ஒரு செங்குத்து கோடு மவுஸ் கூட ஓடணும்னா மேட்பிளாட்லிப்.விட்ஜெட்ஸ்ல மல்ட்டிகர்சர் இருக்கு, எம்மும் சியும் பெரிய எழுத்து. கோடு = மல்ட்டிகர்சர்(ஃபிக்.கேன்வாஸ், (வோல்ட், கரன்ட், டெம்ப்))னு எழுதுங்க, இடது பக்கம் அந்த வேரியபிள்ல பிடிச்சு வைக்கிறது கட்டாயம், இல்லன்னா பைத்தான் அதை குப்பைன்னு நினைச்சு தூக்கிடும், கோடு வேலை செய்யாது. அன்னைக்கு இந்தக் கோட்டை 7:10 மேல கொண்டுபோய் வச்சப்போதான் கரன்ட் ஏறினதும் வோல்டேஜ் இறங்கினதும் ஒரே கோட்டுல நின்னுச்சு, டெம்பரேச்சர் மட்டும் அதுக்கப்புறம் இருபது நிமிஷம் கழிச்சு மெதுவா ஏறுச்சு. பேட்டரி சூடாக நேரம் எடுக்கும், அந்த தாமதம்தான் நெஜமான தாமதம்.

ரெண்டு தனித்தனி விண்டோவுல உள்ள பிளாட்டையும் சேர்க்கலாம், ஃபிக்2.ஆட்_சப்பிளாட்(ஷேர்எக்ஸ்=வோல்ட்)னு வேற ஃபிகர்ல இருக்குற பிளாட்டை குடுத்தாலும் ஏத்துக்கும், ஒண்ணுல நகர்த்தினா இன்னொரு விண்டோவும் நகரும். நேத்தைக்கும் இன்னைக்கும் ஒப்பிடணும்னா தேதி வேற வேறயா இருக்குறதால நேரடியா ஷேர் பண்ண முடியாது, சிலர் எல்லை மாறினதும் தானா ஓடுற மாதிரி எக்ஸ்லிம்_சேஞ்ச்ட்னு கால்பேக் எழுதி 24 மணி நேரத்தை கூட்டி கழிச்சு அனுப்புவாங்க, ஒண்ணு இன்னொண்ணை கூப்பிட அது திரும்ப இதை கூப்பிடன்னு சுத்திக்கிட்டே இருக்குற அபாயம் அதுல உண்டு. என்னைக் கேட்டா டேட்டாலயே மாத்திடுங்க, ரெண்டு நாளுக்கும் நேரத்துல இருந்து அந்தந்த நாளோட நள்ளிரவை கழிச்சு மணிக்கணக்கா ஆக்கிட்டா 0ல இருந்து 24 வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே எக்ஸ், அப்புறம் சாதாரண ஷேர்எக்ஸ் போதும்.

படத்தை இம்ஷோ வச்சு போடுறவங்க ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. எக்ஸ், ஒய் ரெண்டையும் ஷேர் பண்ண பிளாட்ல ஆக்ஸிஸ்('ஈக்வல்') போட்டா எர்ரர்தான் வரும், செட்_ஆஸ்பெக்ட்('ஈக்வல்', அட்ஜஸ்டபிள்='பாக்ஸ்')னு போடணும். அப்புறம் கலர்பார், அதாவது எந்த நிறம் எந்த மதிப்புன்னு காட்டுற பட்டை. மேல ஸ்பெக்ட்ரோகிராம் (சிக்னலோட அதிர்வெண்ணை நிறத்துல காட்டுற படம்), கீழ சிக்னல்னு ரெண்டு பிளாட் இருந்து மேல மட்டும் கலர்பார் வச்சா அது மேல உள்ளதோட அகலத்தை சாப்பிட்டுடும், எல்லை ஒண்ணுதான், ஆனா கண்ணால நேர் கோடு பிடிச்சா தப்பா வரும், நான் முதல்ல சொன்ன அதே பொய் வேற வேஷத்துல. ஃபிக்.கலர்பார்(படம், ஏஎக்ஸ்=[மேல், கீழ்])னு ரெண்டு பிளாட்டையும் சேர்த்து குடுத்தா ரெண்டுல இருந்தும் சமமா இடம் எடுத்துக்கும்.

மத்த லைப்ரரி யூஸ் பண்றவங்களுக்கு சுருக்கமா. பொக்கேல ஃபிகர்(எக்ஸ்_ரேஞ்ச்=பி1.எக்ஸ்_ரேஞ்ச்), அதாவது முதல் பிளாட்டோட ரேஞ்ச் ஆப்ஜெக்டையே ரெண்டாவதுக்கு குடுக்கணும். ரெண்டுக்கும் தனித்தனியா (0, 10)னு ஒரே நம்பரை குடுத்தா லிங்க் ஆகாது, ஆரம்பத்துல ஒண்ணா தெரியும், நகர்த்தின உடனே பிரிஞ்சிடும். நேரம்னா எக்ஸ்_ஆக்ஸிஸ்_டைப்='டேட்டைம்' ஒவ்வொரு ஃபிகருக்கும் தனியா சொல்லணும், ரேஞ்ச் பகிர்ந்தாலும் எழுதுற விதம் பகிராது, மேட்பிளாட்லிப்ல இருந்து போறவங்க இங்கதான் தடுமாறுவாங்க. ஒரு பிளாட்ல புள்ளியை செலக்ட் பண்ணா இன்னொண்ணுலயும் அதே புள்ளி தெரியணும்னா ரெண்டுக்கும் ஒரே காலம்டேட்டாசோர்ஸ் (சி, டி, எஸ் மூணும் பெரிய எழுத்து) குடுத்தா போதும், இது பொக்கேல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

பிளாட்லில மேக்_சப்பிளாட்ஸ்(ரோஸ்=3, கால்ஸ்=1, ஷேர்ட்_எக்ஸ்ஆக்ஸஸ்=ட்ரூ). பின்னாடி சேர்க்கணும்னா ஃபிக்.அப்டேட்_எக்ஸ்ஆக்ஸஸ்(மேட்சஸ்='எக்ஸ்'), எல்லா எக்ஸும் முதல் எக்ஸை பின்பற்றும். மவுஸ் வைக்கிறப்போ வர்ற செங்குத்து கோடு மூணு பிளாட்லயும் ஓடணும்னா ஃபிக்.அப்டேட்_ட்ரேசஸ்(எக்ஸ்ஆக்ஸிஸ்='எக்ஸ்3')னு எல்லா கோட்டையும் கீழ் ஆக்ஸிஸ்லயே மாட்டிட்டு ஷோஸ்பைக்ஸ்=ட்ரூ, ஸ்பைக்மோட்='அக்ராஸ்' வைங்க.

ஓடிக்கிட்டிருக்குற சென்சாரை நேரலையா பாக்கணும்னா நான் பைக்யூடிகிராஃப்தான் எடுப்பேன், வேகம் அதுல நல்லா இருக்கு. பி2.செட்எக்ஸ்லிங்க்(பி1), எக்ஸும் எல்லும் பெருசு, இதுல அண்டர்ஸ்கோர் கிடையாது. இதுல ஒரு நுணுக்கம், ரெண்டு பிளாட் மேல கீழ இருந்து இடது பக்க நம்பரோட அகலம் வேற வேறயா இருந்தா, எல்லையை அச்சு அசலா ஒண்ணா வைக்காம திரையில நேர் கோடு சரியா நிக்கிற மாதிரி ரெண்டாவதோட எல்லையை கொஞ்சம் நகர்த்திக்கும், அதனால நம்பரை பிரிண்ட் பண்ணி பாத்தா லேசா வித்தியாசம் வரும், அது கோளாறு இல்ல. ஓரமும் ஒண்ணா நிக்கணும்னா ஒவ்வொரு பிளாட்டுக்கும் கெட்ஆக்ஸிஸ்('லெஃப்ட்').செட்வித்(60), இதுல ஏவும் டபிள்யூவும் பெருசு, போட்டு இடது அகலத்தை ஒண்ணாக்கிடுங்க, நம்பர் 9.9ல இருந்து 10.0க்கு மாறுறப்போ பிளாட் துள்ளுறதும் அதோட நின்னுடும்.